அதிகாலையா, இரவா, பகலின் இடைவேளைகளா? தனிஜெபத்துக்கான நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

தினமும் சிறிது நேரமாவது கர்த்தருடைய பாதத்தில் தனித்து அமர்ந்திருக்க வேண்டும் என்பதில் விசுவாசிகளுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. எந்த வேளையில், எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டு என்று கேட்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. இக்கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று வகையினர். வாரத்துக்கு வாரம் பணிமுறை மாறும் செவிலியரும் ஆலைத் தொழிலாளரும் ஒரு வகை. கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்மார் இன்னொரு வகை. ஓர் அறையும் ஒரு கூடமும் மட்டுமே உள்ள வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று அனைவரோடும் வாழ்கிறவர்கள் மூன்றாம் வகை. சபையில் இம்மூவருக்கும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: அதிகாலையில் எழுந்து ஜெபியுங்கள்.

அந்த அறிவுரைக்கு ஆதாரமாக மாற்கு 1:35 எடுத்துக்காட்டப்படும். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று அவ்வசனம் சொல்கிறது. மூன்று வசனங்கள் பின்னே சென்று வாசித்தால், முந்தின நாள் சூரியன் அஸ்தமித்த பின் கப்பர்நகூம் பட்டணத்தார் எல்லாரும் சீமோன் வீட்டு வாசலில் வந்து கூடியிருந்தது தெரியும். அடுத்த வசனத்திலேயே சீமோனும் மற்றவர்களும் அவரைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த ஊரில், அந்த நாளில், அவருக்குக் கிடைத்த தனிமை விடியுமுன் இருந்த அந்தச் சிறு பொழுது மட்டுமே. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த நாளிலோ அவர் சாயங்காலத்தில் தனியே மலையேறினார் (மத்தேயு 14:23). பன்னிருவரைத் தெரிந்துகொள்வதற்கு முந்தின இரவு முழுவதும் ஜெபத்தில் இருந்தார் (லூக்கா 6:12). கூட்டம் எப்போது விலகியதோ, அல்லது கூட்டத்தை எப்போது விலக்க முடிந்ததோ, அப்போது தனித்திருந்தார் என்பதே சுவிசேஷங்களிலிருந்து கிடைக்கும் முழுமையான சித்திரம். எனவே வேளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தன் வீட்டுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பவர் பக்தியில் குறைந்தவர் ஆகிவிடமாட்டார்.

## எதைக் கொண்டு எடைபோடுவது?

நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தனிமை. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னவரின் கட்டளையை (மத்தேயு 6:6) அறைவீடே இல்லாதவர் எப்படி நிறைவேற்றுவது என்பது நம் ஊரில் நிஜமான கேள்வி. இரண்டாவது, விழிப்பு. கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கியது அன்பில்லாததால் அன்று. அவர்கள் துக்கத்தினால் நித்திரையாயிருந்தார்கள் என்று லூக்கா காரணமும் எழுதுகிறார் (22:45). உடல் ஓய்ந்துபோகும் வேளையைத் தேவனுக்கென்று குறித்துவிட்டுப் பிறகு தூக்கத்தோடு போராடுவது வீண். மூன்றாவது, அந்த ஏற்பாடு எத்தனை மாதம் தாங்கும் என்பது. எழுப்புதல் கூட்டம் முடிந்த வாரத்தில் எல்லா ஏற்பாடும் தாங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் வாரத்தில் எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

நான்காவது அளவுகோலை யாரும் பேசுவதில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். ஒருவர் ஒதுக்கும் அமைதியான நேரத்துக்கான விலையை வீட்டில் யார் கொடுக்கிறார்? ஒருவர் கண்மூடி அமர்ந்திருக்கும் அரை மணி நேரத்தில் குழந்தை அழுதால் யார் எழுந்து போகிறார், பால் பொங்கினால் யார் இறக்கிவைக்கிறார், அப்படி எழுந்து போகிறவருடைய தனிஜெபத்துக்கு நாளில் எந்த அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத எந்த ஏற்பாட்டையும் நல்ல ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இவற்றோடு ஒரு முன்குறிப்பு. மன்றாட்டுப் பட்டியலைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் போதும். வேதத்தை வாசித்து, வாசித்ததை மனதில் அசைபோட்டு, பின்பு ஒன்றும் கேட்காமல் தேவசமுகத்தில் சும்மா இருப்பதற்கு அது போதாது. மனம் அடங்குவதற்கே சிறிது நேரம் பிடிக்கும். கீழே ஒப்பிடும்போது இந்த இரண்டையும் வேறுபடுத்தியே பேசுகிறேன்.

## அதிகாலை

இதன் பலம் வெளிப்படையானது. கைபேசி ஒலிக்காது, தெரு அடங்கியிருக்கும், நாளின் கவலைகள் இன்னும் மனதில் ஏறியிருக்காது. காலையிலே உமக்கு நேரே வந்து காத்திருப்பேன் என்கிற ஐந்தாம் சங்கீதத்தின் வார்த்தை இந்த வேளைக்கே உரியது. திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவ ஊர்களில் விடியற்காலையில் ஆலய மணி அடிப்பதும், உபதேசியார் ஜெபம் நடத்துவதும், மக்கள் அதை முடித்துக்கொண்டு வயலுக்கோ பனங்காட்டுக்கோ போவதும் வழக்கமாக இருந்தன. அந்த மக்கள் இருட்டியதும் உண்டு, நேரத்தோடு உறங்கினவர்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நான்கு மணிக்கு எழுந்தவர் என்று பிரசங்கங்களில் எடுத்துக்காட்டப்படும், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் நேரத்தோடு படுப்பதை அதே கண்டிப்போடு கடைப்பிடித்தவர்தான். பிரசங்கத்தில் அந்தப் பாதி விடுபட்டுப்போகிறது.

மறைந்திருக்கும் முதல் செலவு இங்கேதான் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்குப் படுப்பவர் நான்கு மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரமே தூங்குகிறார். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. அந்தப் பற்றாக்குறை எங்காவது வெளிப்பட்டே தீரும்: அலுவலகத்தில் எரிச்சலாக, சாலையில் கண் அயர்வாக, மாலையில் பிள்ளைகள்மேல் கோபமாக. அதிகாலையை விரும்புகிறவர் முதலில் மாற்ற வேண்டியது படுக்கும் நேரத்தை. அதை மாற்ற இயலாத வீட்டில் அலாரத்தை மட்டும் முன்னே தள்ளிவைப்பது ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை.

இரண்டாவது செலவு, முன்னே சொன்ன நான்காம் அளவுகோல். நகரத்து வீடுகளில் காலை ஐந்து மணி என்பது கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் வேளை. டிபன் பாக்ஸ்கள் நிரப்பப்பட வேண்டிய வேளை. ஏழு மணிப் பள்ளி வேனுக்காக வீடு முழுவதும் ஓடத் தொடங்கும் வேளை. கணவர் கூடத்தில் முழங்காலில் நிற்க, மனைவி சமையலறையில் காலில் நிற்கும் வீடுகள் எண்ணற்றவை. அந்தக் கணவர் சபையில் ஜெபவீரர் என்று பெயர் பெறுகிறார். அந்த மனைவி "எனக்கு ஜெபிக்கவே நேரம் கிடைக்கிறதில்லை, பாஸ்டர்" என்று குற்றவுணர்வோடு சொல்கிறார். இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் சமையலறையை மாற்றிக்கொண்டால் இந்தச் செலவு பாதியாகக் குறைந்துவிடும், ஆனால் அப்படிச் செய்யும்படி எந்த மேடையிலிருந்தும் நான் கேட்டதில்லை.

அதிகாலையைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பயன்படும் செய்தி ஒன்று. பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், நெடுங்காலம் காலையில் எழுந்ததும் நேரடியாக ஜெபத்தில் இறங்கி, மனம் அலைபாய்வதோடு கால் மணி, அரை மணி என்று போராடியிருக்கிறார். 1841-இல் அந்த வரிசையை மாற்றினார்: முதலில் வேதத்தைத் திறந்து, வாசித்த வசனத்தைத் தன் ஆத்துமாவுக்கு ஆகாரமாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே ஜெபம் பிறக்கும்படி விட்டார். தூக்கம் கலையாத மனதுக்கு வெறும் மௌனத்தைவிட ஒரு வசனம் நல்ல பிடிமானம் என்பதை அந்த மாற்றத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நேரத்தோடு படுக்கக்கூடியவர், ஓய்வுபெற்றவர், தனியே வசிப்பவர், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தம்பதியர் ஆகியோருக்கு இதைவிடச் சிறந்த வேளை இல்லை.

## இரவு

இரவு ஜெபம் சோம்பேறிகளுக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட இரண்டாந்தர வேளை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வேதம் அப்படி எண்ணுவதில்லை. ஆதியாகமத்தின் நாள்கள் சாயங்காலமும் விடியற்காலமுமாகவே எண்ணப்படுகின்றன. யூதர்களுக்கு இன்றும் நாள் மாலையில்தான் பிறக்கிறது. அறுபத்து மூன்றாம் சங்கீதக்காரர் படுக்கையின்மேலும் இராச்சாமங்களிலும் தேவனைத் தியானித்தவர்.

இந்த வேளைக்கு நன்றாகப் பொருந்தும் முறையை, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்திருக்கிறார். அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்தார். அதில் உள்ள ஆன்ம சோதனை ஐந்து படிகள் கொண்டது: அந்த நாளுக்காக நன்றி சொல்வது, தன்னை உள்ளபடி காண ஒளி கேட்பது, நாளை மணிமணியாக நினைத்துப் பார்ப்பது, பிழைகளுக்கு மன்னிப்பு வேண்டுவது, மறுநாளுக்கென்று ஒரு தீர்மானம் எடுப்பது. சீர்திருத்த சபைகளைச் சேர்ந்தவர்கள் இதைக் கத்தோலிக்கருடையது என்று ஒதுக்க வேண்டியதில்லை. பதினைந்து நிமிடத்தில் முடியும் இந்த முறையில் சங்கீதங்களுக்கு அந்நியமானது ஒன்றுமில்லை. களைத்த மனதுக்குப் புதிதாக ஒன்றைக் கற்பது கடினம். நடந்ததை நினைத்துப் பார்ப்பது எளிது. ஆகவே இரவில் லேவியராகமத்தை வாசிக்க முயன்று தோற்பதைவிட, இப்படி நாளைத் திருப்பிப் பார்த்து ஒப்புக்கொடுப்பது இயல்பாக அமையும்.

இரவின் மறைமுகச் செலவு கைபேசி. "ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு" என்று கையில் எடுத்தால் அந்த அரை மணி நேரம் போயிற்று. அடுத்தது, வீட்டின் தொலைக்காட்சி ஓயும்வரை காத்திருக்க வேண்டிய நிலை. ஆனால் விலையை யார் கொடுக்கிறார் என்ற கேள்வியில் இரவு நன்றாகத் தேறுகிறது. பாத்திரம் கழுவி, பிள்ளைகள் உறங்கிய பின் வீட்டில் யாருக்கும் யாரிடமும் உடனடியாக ஆகவேண்டியது எதுவும் இருப்பதில்லை. இரவு நேரத்தில் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருப்பவர்களும், அமெரிக்க நிறுவனங்களுக்காக மாலையில் வேலை தொடங்கும் ஐ.டி. ஊழியர்களும் இதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். அப்படிப்பட்ட ஊழியருக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் விடியற்காலைதான் இரவு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

## பகலின் இடைவேளைகள்

மூன்று தெரிவுகளில் மிகப் பழமையானதும், நம் சபைகள் மிகுதியாக மறந்துவிட்டதும் இதுவே. தானியேல் தினம் மூன்று வேளை எருசலேமுக்கு நேரான பலகணிகளைத் திறந்து முழங்கால்படியிட்டான். அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் தியானிப்பேன் என்கிறது ஐம்பத்தைந்தாம் சங்கீதம். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் மூன்று மணி, ஜெபவேளைக்கு ஆலயத்துக்குப் போனார்கள்; யோப்பாவில் பேதுரு நண்பகலில் மேல்வீட்டில் ஏறி ஜெபித்தான். ஆதித் திருச்சபையின் டிடாக்கே என்னும் போதனை நூல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி பணிக்கிறது. கத்தோலிக்கருக்கு மணியோசையோடு மூவேளைச் செபமும், துறவியருக்கும் குருக்களுக்கும் திருப்புகழ்மாலை என்னும் வேளைதோறும் சொல்லும் செபங்களும் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் மடத்தில் சமையலறை வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் இதை இன்னும் எளிதாக்கினார். குறித்த ஜெபவேளைக்கும் பாத்திரங்களின் நடுவே இருக்கும் வேளைக்கும் வேறுபாடு இல்லாமல், கையில் உள்ள வேலையைத் தேவனுக்காகச் செய்வதும் இடையிடையே அவரிடம் ஒரு சொல் பேசுவதுமாக அவர் வாழ்ந்தார். கிழக்கத்திய திருச்சபைகளில் "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்ற ஒற்றை வரி ஜெபம் மூச்சோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இவை பேருந்து நிறுத்தத்திலும் வார்டிலும் அடுப்படியிலும் செய்யக்கூடியவை. யாருடைய நேரத்தையும் இவை எடுத்துக்கொள்வதில்லை.

குறையும் உண்டு. இரண்டு நிமிடத்தில் மனம் அடங்காது. ஆகவே இந்த முறை மட்டுமே உள்ளவருடைய ஜெபம் நாளடைவில் உதட்டளவில் நின்றுவிடக்கூடும். சகோதரர் லாரன்ஸைப் பற்றிப் பேசும்போது, அவர் மடத்தின் நீண்ட ஜெபவேளைகளிலும் பங்குகொண்டவர் என்பதை மறந்துவிடுகிறோம். அடுத்த குறை இடம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றுகிறவர் வளாகத்திலேயே உள்ள சிற்றாலயத்தில் சில நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம். மற்றவர்களுக்கு மாடிப்படியும் வாகன நிறுத்துமிடமுமே கிடைக்கின்றன. நகரங்களில் கத்தோலிக்க ஆலயங்கள் பல பகலில் திறந்திருக்கின்றன, ஆனால் மற்ற சபைகளின் ஆலயங்கள் பலவற்றில் ஞாயிறு தவிர மற்ற நாள்களில் பூட்டுத்தான் தொங்குகிறது. லட்சக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய ஆலயத்தை மதியம் இரண்டு மணி நேரம் திறந்துவைத்து ஒரு காவலரை உட்காரவைப்பது, ஜெபத்தைப் பற்றிய பத்துப் பிரசங்கங்களைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.

## பயணமும் கைபேசியும்

மின்சார ரயிலில் ஒலி வேதாகமம் கேட்பது பலருக்கு இன்று தனிஜெபத்துக்குப் பதிலாகிவிட்டது. வேதத்தைக் காதால் கேட்பது குறைவான முறை என்று நான் நினைக்கவில்லை. அச்சு வருமுன் விசுவாசிகளில் பெரும்பாலோர் அப்படித்தான் கேட்டார்கள், வெளிப்படுத்தின விசேஷத்தின் மூன்றாம் வசனமே வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் சேர்த்து ஆசீர்வதிக்கிறது. வேதத்தில் உள்ள 1189 அதிகாரங்களையும் ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் போதும். போகவர ஒரு மணி நேரம் பயணம் செய்கிறவருக்கு அது எட்டக்கூடியதே. தினம் ஒரு வசனம் அனுப்பும் செயலிகளும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரின் மொராவியச் சபையார் 1728-இல் தொடங்கி 1731 முதல் அச்சிட்டுவரும் தினவசனத் தொகுப்பின் மரபில் வந்தவை அவை.

ஆனால் கேட்பது முழுவதும் இன்னொருவருடைய குரலாக இருக்கும்போது, தனித்திருத்தல் நிகழ்வதில்லை. பிரசங்கம் கேட்பதை ஜெபித்த கணக்கில் எழுதுவதுதான் இம்முறையின் பெரிய ஆபத்து. வாசிப்புக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜெபத்துக்கு வேறொரு வேளையைத் தேட வேண்டும். இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர்கள் காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

## வாரத்தில் ஒரு நீண்ட தனிமை

தினமும் அரை மணி நேரம் கிடைக்காதவர் வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வது நியாயமான மாற்று. இதற்குரிய இடங்கள் தமிழ்நாட்டிலேயே உள்ளன. திருப்பத்தூரில் 1921-இல் சேசுதாசனும் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் ஒன்று. குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரையில் 1950-இல் உருவான சாந்திவனம் இன்னொன்று. அங்கே விடியலிலும் அந்தியிலும் மௌன தியானத்துக்கு இடமுண்டு. எனினும் வாரந்தோறும் அவ்வளவு தூரம் போக இயலாது. மொட்டைமாடி, பூங்கா, கல்லறைத் தோட்டத்தின் மரநிழல் ஆகியவை போதும்.

உபவாச ஜெபக் கூட்டத்தை இதற்கு ஈடாக எண்ண வேண்டாம். அங்கே பாடலும் பிரசங்கமும் மைக்கும் உண்டு, மௌனத்துக்கு மட்டும் இடமில்லை. குடும்ப ஜெபமும் அப்படியே. அது விட்டுவிடக் கூடாத வேறொரு கடமை.

இதன் செலவு வெளிப்படையானது: அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். திட்டமும் அடிக்கடி தவறும். இளைப்பாறும்படி சீஷர்களைத் தனித்த இடத்துக்கு இயேசு அழைத்துப்போனபோது, ஜனங்கள் கால்நடையாகவே ஓடி முந்திப்போய்ச் சேர்ந்துவிட்டார்கள் (மாற்கு 6:31-34); அன்று அவர்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

## ஒரே பார்வையில்

| தெரிவு | தனிமை | விழிப்பு | தாங்கும் திறன் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| அதிகாலை | மிகுதி | படுக்கும் நேரத்தைப் பொறுத்தது | படுக்கும் நேரம் மாறாவிட்டால் குறைவு | உறக்கம்; வீட்டில் இன்னொருவரின் உழைப்பு |
| இரவு | நடுத்தரம் | ஆன்ம சோதனைக்குப் போதும், வாசிப்புக்குக் குறைவு | நன்று | கைபேசி, களைப்பு |
| பகல் இடைவேளைகள் | குறைவு | மிகுதி | மிக நன்று | ஆழம் கூடாமல் போவது |
| பயணம் | இல்லை | நடுத்தரம் | நன்று | பிறர் குரலையே கேட்டுக்கொண்டிருப்பது |
| வாராந்தரத் தனிமை | மிகுதி | மிகுதி | அடிக்கடி தவறும் | பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு |

## யாருக்கு எது?

மாறும் பணிமுறையில் இருப்பவர் கடிகாரத்தை நம்ப வேண்டாம். நைட் டியூட்டி வாரத்தில் "காலை ஆறு மணி" என்ற தீர்மானம் பொருளற்றுப் போகும். உறங்கி எழுந்ததும் முதல் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எழும் நேரம் மதியம் இரண்டு மணியானாலும் ஏற்பாடு குலையாது.

கைக்குழந்தையின் தாய்க்கு நீண்ட தனிமையைப் பரிந்துரைப்பவர்கள் அந்த வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும். இராச்சாமங்களில் பால் கொடுக்க எழும்போது மனதில் நிற்கும் ஒரு சங்கீத வரியே அந்த ஓராண்டுக்கு அவருடைய முறைமையாக இருக்கலாம். அதோடு, சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் குழந்தையைக் கணவர் முழுப்பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்று சொல்லும் உதவி இதில் சேராது.

நெருக்கமான வீட்டில் வாழ்கிறவருக்கு நேரத்தைவிட இடமே முதல் கேள்வி. பேதுரு ஏறிய மேல்வீடும், சாயங்காலத்தில் ஈசாக்கு தியானம்பண்ணப் போன வெளியும் அவருக்கு முன்மாதிரிகள். மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைப்பதிலிருந்து தொடங்கலாம்.

மற்றபடி, பள்ளி செல்லும் பிள்ளைகளும் இருவருக்கும் வேலையும் உள்ள சராசரிக் குடும்பத்துக்கு என் பரிந்துரை கலவையானது: பகலில் இரண்டு சிறு நிறுத்தங்கள், இரவில் பதினைந்து நிமிட ஆன்ம சோதனை, வாரத்தில் ஒருமுறை வேதத்தோடு ஒரு மணி நேரத் தனிமை. அதிகாலையை விரும்பினால், படுக்கும் நேரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்து, அது ஒரு மாதம் நிலைத்த பின் அலாரத்தை மாற்றலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இந்த அட்டவணையைப் போடுவது நல்லது; போடும்போது, இதுவரை யாருக்கு நேரமே கிடைக்கவில்லையோ அவருடைய அரை மணி நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மீதியில் மற்றவருடையதைப் பொருத்த வேண்டும். பள்ளி விடுமுறை தொடங்கும்போதும் பணிமுறை மாறும்போதும் அட்டவணையை மீண்டும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.